ஆற்று மணலும் நம் ஊற்று நீரும்

வெள்ளி விழா மலர்க் குழுவினர் நம்மை அணுகி, சங்கத்தின் கல்வி வரலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை தருமாறு பணித்தனர். அவ்வரலாற்றை நம்மினும் நன்கறிந்த பெரியோர் பலர் இம்மலரிலேயே எழுதியுள்ளனர். ஆகவே நாம் வேறொரு வரலாற்றை எடுத்துக்கொண்டோம். சென்ற கோடையில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் நேரங்கழித்துப் பள்ளிக்கு வந்தான். காரணம் கேட்டோம். தண்ணீர் வண்டிக்காகக் குடத்துடன் வரிசையில் நின்றதாகக் கூறினான். கூறிவிட்டு, "ஐயா, ஆறு நம்ம ஊர் ஓரமாத்தானே போகுது, பிறகு ஏன் வண்டியில தண்ணி வருது?" என்று திருப்பி வினவினான். அன்று அவனுக்கு நாம் அளித்த விடை சரியான விடையன்று. முப்பதாண்டு ஆசிரியப் பணிக்குப் பின்னும் ஒரு சிறுவன் வினாவிற்கு முழு விடை சொல்ல இயலாமற்போனது நம்மை உறுத்திற்று. இக்கட்டுரை அவனுக்காக எழுதப்படுவது.

ஆத்தூர் என்பது ஆற்றூர் என்பதன் மரூஉ. ஆறு தாமிரபரணி. பொதிகையிற் பிறந்து, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவிற் கலக்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டாலும் நீர் பெறும் பேறு இவ்வாற்றிற்கு உண்டு. நாம் வாழும் இந்த நிலமே ஆறு கொணர்ந்து குவித்த நிலம். நம் ஊருக்கு அண்மையில் உள்ள கொற்கை ஒருகாலத்தில் பாண்டியரின் துறைமுகம். கிரேக்க நூல்கள் அதனைக் 'கொல்கோய்' என்று குறித்தன. இன்று கொற்கையில் நின்று பார்ப்பவர்க்குக் கடல் தெரியாது. சில கல் தொலைவிற்கு அப்பால் விலகிச் சென்றுவிட்டது. கொற்கைக்குப் பின் சிறந்து விளங்கிய காயல் துறையை மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கண்டு எழுதினார். அக்காயலும் பழையகாயலாகி உள்நாட்டூராயிற்று. 1870-களில் கொற்கையில் அகழ்ந்து பார்த்த கால்டுவெல் பாதிரியார், ஆறு இட்ட வண்டலே இத்துறைமுகங்களைத் தூர்த்தது என்பதை விளங்க உரைத்தார். 1968-69-இல் தமிழகத் தொல்லியல் துறையினர் அங்கு நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 785-ஐச் சார்ந்தது எனக் கணிக்கப்பட்டது.

இங்கே ஒரு செய்தி. கொற்கை முத்தைப் பாடாத வரலாற்றாசிரியர் இலர். ஆயின் 'செங்கடற் பயணக் குறிப்பு' என்னும் அப்பழைய கிரேக்க நூல், அம்முத்தை எடுத்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று கூறுகிறது. முத்தின் பெயர் நின்றது. மூழ்கியவர் பெயர் ஒன்றும் நிற்கவில்லை. நம் மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் இதனை மறத்தலாகாது.

மூவாயிரம் ஆண்டாக ஆறு மணலைக் கொணர்ந்து கடலைப் பின்னுக்குத் தள்ளிற்று. நம் காலத்தில், ஒரு தலைமுறைக்குள், அம்மணலை மனிதன் அள்ளிச் சென்றான். கடல் திரும்பி வரத் தொடங்கிற்று. நாம் சொல்லப் புகுந்த வரலாற்றின் சுருக்கம் இதுவே. இதனுள் நம்மவர்க்கு மட்டுமே உரிய ஒரு பகுதி உண்டு. அதனைச் சற்று விரித்துரைப்போம்.

நம் இளமையில் ஊரில் கிணறுகள் பல இருந்தன. நம் தெருவார் இறங்கத்தக்க கிணறு அவற்றுள் இல்லை. பொதுக் கிணறு, பொதுச் சாலை ஆகியவற்றை ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்று இரட்டைமலை சீனிவாசனார் கொண்டுவந்த தீர்மானம் 1924-இலேயே சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1927 மார்ச் 20-இல் அண்ணல் அம்பேத்கர் மகாடு நகரில் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். சட்டம் சென்னையிலும் போராட்டம் மகாட்டிலும் நிகழ்ந்தன. நம் ஊர்க் கிணற்றுக் கைப்பிடிச் சுவர் அவ்விரண்டையும் அறியாது நெடுங்காலம் நின்றது.

அந்நாளில் நம் மக்களுக்குக் கிணறாக நின்றது ஆற்று மணல். கோடையில் ஆறு வற்றி மணற்பரப்பாகக் கிடக்கும். விடியற்காலையில் நம் அன்னையாரும் தெருப்பெண்டிரும் குடத்துடன் இறங்குவர். கையாலும் தேங்காய்ச் சிரட்டையாலும் மணலை விலக்கி ஒரு முழம் தோண்டுவர். முதலில் ஊறுவது கலங்கல். அதை இறைத்து விட்டுச் சற்று நேரம் பேசிக்கொண்டிருப்பர். பிறகு ஊறுவது கண்ணாடி போன்ற நீர். சிரட்டையால் மொண்டு, துணியில் வடித்துக் குடத்தை நிரப்புவர். ஊற்றிற்கு உடைமையாளர் இல்லை. கைப்பிடிச் சுவர் இல்லை. தள்ளி நில் என்பாரும் இல்லை. மேல்தெருவார்க்குக் கிணறு இருந்தமையால் ஆற்று மணலின் அருமை அவர்களுக்குப் பின்னரே தெரிந்தது. நம்மவர்க்கு அது முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் நாம் என் செய்தோம் என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

மணல் எவ்வாறு கிணறாகும்? மணிகளுக்கிடையே உள்ள வெற்றிடத்தில் நீர் தங்குகிறது. ஆற்று மணல் தன் பருமனில் ஏறத்தாழக் காற்பங்கு நீரைத் தேக்கித் திருப்பித் தரவல்லது. வெள்ளக் காலத்தில் உண்ட நீரைக் கோடைவரை வெயில் படாமற் காத்து, இருகரை நிலங்களுக்கும் பக்கவாட்டிற் கசியவிடும். கரையோரக் கிணறுகளில் நீர் நிற்பதற்கு அதுவே காரணம். மணலை அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்துவிட்டால் இவ்வொழுங்கு தலைகீழாகிறது. முன்னர்க் கிணறுகளுக்கு நீரூட்டிய ஆறு, பின்னர்க் கிணறுகளின் நீரை உறிஞ்சி வடிக்கும் வாறுகாலாகிவிடுகிறது. படுகை எவ்வளவு தாழ்கிறதோ, அதனைத் தொடர்ந்து கரையோர நீர்மட்டமும் தாழும்.

கடலோரத்தில் இதனினும் கொடிய ஒன்று உண்டு. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. ஆதலால் நிலத்தடியில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. 1880-களின் இறுதியில் ஆலந்து நாட்டினரான கைபன் என்பாரும், 1901-இல் செருமானியரான எர்சுபெர்க் என்பாரும் இதன் கணக்கைத் தனித்தனியே கண்டனர். கடல் மட்டத்திற்குமேல் நன்னீர் 1 அடி நின்றால், அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். இக்கணக்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மேலே நீர்மட்டம் 1 அடி குறைந்தால், கீழே உப்புநீர் 40 அடி மேலெழும்! ஆற்றில் மணல் அள்ளுவோன் தான் எடுத்தது மேற்புற மணல்தானே என்று கருதுகிறான். அடியிலிருந்து கடல் ஏறி வருவதை அவன் காண்பதில்லை. மேலும், கழிமுகப் பகுதியில் படுகை கடல் மட்டத்திற்குக் கீழே தாழுமாயின், ஓதநீர் ஆற்றின் வழியாகவே உள்ளே புகும். கடலுக்கு அதற்குமேல் அழைப்பு வேண்டுவதில்லை.

ஆத்தூரின் சிறப்பு கொடிக்கால். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை அனைவரும் அறிவர். அகத்தியை நட்டு, அதன்மேல் கொடியைப் படரவிட்டு, பாத்தி ஈரம் உலராமற் காக்கும் நுட்பமான வேளாண்மை அது. நிலம் எவருடையதாயினும் கொடி கட்டியும் கொழுந்து கிள்ளியும் உழைத்தவருள் நம்மவர் பலர். வெற்றிலைக்கொடி உப்பைப் பொறாது. வாழையாவது சில நாள் வாடி நின்று எச்சரிக்கும். கொடி அந்தத் தவணையைத் தருவதில்லை. கிணற்று நீர் உவர்த்தால் நிலக்கிழார் ஆழ்குழாய் இறக்குவார், அல்லது நிலத்தை விற்றுத் தூத்துக்குடிக்குப் பெயர்வார். கூலிக்குக் கொழுந்து கிள்ளிய பெண்மணிக்குப் பெயர இடமில்லை. நிலத்தடி நீர் வற்றினால் முதலில் வற்றுவது நிலமில்லாதவரின் அடுப்பு.

இனி மணல் போன கதைக்கு வருவோம். வெள்ளையர் ஆட்சியில், 1869-இல் தொடங்கி 1873-இல் முடிந்த திருவைகுண்டம் அணை, இவ்வாற்றின் எட்டாவது அணைக்கட்டு. கடைசி அணைக்கட்டும் அதுவே. அதன் வடகாலும் தென்காலும் கடலோர வயல்களுக்கு நீர் தந்தன. மேலே பாபநாசம் அணை 1940-களிலும், மணிமுத்தாறு அணை 1958-ஆம் ஆண்டளவிலும் எழுந்தன. அணைகள் நன்மை செய்தன, ஐயமில்லை. எனினும் நீரைத் தடுக்கும் அணை மணலையும் தடுக்கும். மலையிலிருந்து புதுமணல் வரத்துக் குறைந்த காலத்தில்தான் கீழே மணலுக்குத் தேவை பெருகிற்று. 1974-இல் தூத்துக்குடிப் புதுத் துறைமுகம் திறக்கப்பட்டது, தொழிற்சாலைகள் வந்தன, மண்சுவரும் ஓலைக்கூரையும் போய்ச் சிமிட்டி வீடுகள் வந்தன. முதலில் மாட்டுவண்டி, பிறகு டிராக்டர், அதன்பின் லாரி, இறுதியாகப் பொக்லைன் எந்திரம். மாட்டுவண்டிக் காலத்தில் ஆறு பொறுத்துக்கொண்டது என்பது நம் எண்ணம். ஒரு மழையில் அக்குழி நிரம்பிவிடும். எந்திரம் ஓர் இரவில் எடுப்பதை ஆறு பல ஆண்டுகளிலும் ஈடுசெய்ய இயலாது.

2003-இல் தமிழக அரசு மணற் குவாரிகளைத் தனியாரிடமிருந்து எடுத்துப் பொதுப்பணித் துறையிடம் ஒப்படைத்தது. அதனாலும் அள்ளுதல் நின்றபாடில்லை. 2010-இல் தாமிரபரணி மணலைக் காக்க வேண்டி உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்தவர், திருவைகுண்டத்திற் பிறந்த தோழர் இரா. நல்லகண்ணு அவர்கள். வழக்கறிஞரை அமர்த்தாமல் தாமே நின்று வாதிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. 2012 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், தீபக் குமார் வழக்கில், 5 எக்டேருக்குக் குறைந்த சிறு கனிமக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. 2015-இல் திருவைகுண்டம் அணையைத் தூர்வாரும் பணி, பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற வழக்கிற்குப் பின்னர்த் தொடங்கியது. தூர் வாருவதாகச் சொல்லி மணலை வாருகின்றனர் என்ற முழக்கம் அப்பொழுது எழுந்தது. அணையினுள் சேர்ந்த வண்டல் வேறு, படுகை மணல் வேறு என்பதை உழவர் நன்கறிவர். தாளில் எழுதுவோர்க்கே அவ்வேறுபாடு தெரிவதில்லை.

2023 ஏப்ரல் 25-ஆம் நாள் முறப்பநாடு கோவில்பத்து கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் அவர்கள், மணற்கடத்தலைப் பற்றிப் புகார் அளித்ததற்காக, அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பரிலேயே இருவர்க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பள்ளியில் இரங்கற் கூட்டம் நடத்தினோம். "அவர் ஏன் ஐயா பேசாம இருக்கல?" என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு, அது அவர் கடமை என்று மட்டும் கூறினோம்.

இவ்விடத்தில் நம் குறையையும் சொல்லிவிட வேண்டும். மணல் லாரியில் ஏறிச் சென்ற கூலிகளில் நம் தெரு இளைஞர் இருந்தனர். வயலில் கிடைக்காத கூலி ஒரே இரவில் கிடைத்தது. பள்ளியிறுதி வகுப்பைப் பாதியில் விட்டு லாரியில் ஏறிய மாணவர் சிலரை நாமே வீடு தேடிச் சென்று அழைத்தோம்; வந்தவர் சிலர், வாராதவர் பலர். வழக்கு வந்தபொழுது சிறை சென்றவர்கள் அவர்களே. லாரி உரிமையாளர் பெயர் எவ்வேட்டிலும் ஏறவில்லை. அதுமட்டுமன்று. நம் சங்கத்தின் படிப்பகக் கட்டடம் எழுந்தபொழுது மணல் குறைந்த விலைக்கு வந்தது. அஃது எங்கிருந்து வந்தது என்று கட்டடக் குழுவிலிருந்த நாம் வினவவில்லை. நம் அன்னையார் ஊற்றுத் தோண்டிய துறையின் மணலாகவும் அஃது இருக்கலாம்.

மணலுக்குக் கெடுபிடி வந்தபின் கண்கள் மேட்டு நிலத்தின்மேல் திரும்பின. ஆற்று மணலுக்கு மாற்றாகக் கல்லை உடைத்துத் தூளாக்கிய எம்-சாண்ட் வந்தது. அதுவும் ஒரு குழியிலிருந்தே வருகிறது. 2022 மே மாதம் நெல்லை அருகே அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து நால்வர் மாண்டதை நாடறியும். சாலைக்கும் மனையடி நிரப்பவும் வேண்டப்படுவது சரள். கிராவல் என்று இன்று அனைவரும் சொல்வது. ஆற்றின் இருபுறமும் வயல்களைக் கடந்தால், அப்பால் சரள் மேடும் செம்மண் தேரியும் உள்ளன. நம் முன்னோர் இம்மேட்டின் தன்மையை அறிந்திருந்தனர். ஆதிச்சநல்லூரில் தாழிகள் புதைக்கப்பட்ட 114 ஏக்கர் பரப்பும் அத்தகைய சரள் மேடே. 1876-இல் யாகோர் என்னும் செருமானியர் கண்டு, 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்த இடம் அது. இறந்தோர்க்கு மேட்டைக் கொடுத்து, விளையும் தாழ்நிலத்தை உழவுக்கு விட்டனர் பண்டையோர்.

பிற்காலத்தில் அம்மேடு நம்மவர்க்கு விடப்பட்டது. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891-இல் அளித்த அறிக்கையை அடுத்து, 1892-இல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் வழங்க அரசு முடிவு செய்தது; பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்றது அதுவே. பத்தாண்டுக்கு விற்கலாகாது; அதன்பின்னும் ஒடுக்கப்பட்டோர் அல்லாதார்க்கு விற்கலாகாது என்பது கட்டளை. மாகாணம் முழுவதும் 12 இலட்சம் ஏக்கர் என்பர். அவற்றுள் எவ்வளவு கைமாறிற்று என்பதை ஈண்டு உரைக்கப் புகின் மலர் போதாது. பஞ்சமியாயினும், பின்னர் வந்த ஒப்படைப் பட்டாவாயினும், நாம் அறிந்த ஊர்களில் நம்மவர் கைக்கு வந்தது வாய்க்கால் ஏறாத மேட்டுப் புஞ்சையே. மானாவாரிப் பயறும், பனையும், ஒரு கிணறு வெட்ட முடிந்தால் சிறிது காய்கறியும் அதில் விளைந்தன.

விளையாத நிலம் என்று எவரும் பொருட்படுத்தாத அச்சரள் மேட்டிற்கு ஒரு தொழில் இருந்தது. மழைநீர் வண்டல் வயலில் தேங்கி நிற்கும். சரளிலோ விரைந்து கீழிறங்கும். மேடு குடித்த நீரே சரிவிலுள்ள கிணறுகளில் மெல்ல ஊறும். அச்சரளை 20 அடி, 30 அடி தோண்டி எடுத்துவிட்டால் மூன்று கேடுகள் நேர்கின்றன. நீரை வடிகட்டி இறக்கும் போர்வை போய்விடுகிறது. குழி நீர்மட்டத்தை எட்டினால், சுற்றுக் கிணறுகளின் நீர் குழியை நோக்கிக் கசிந்து வெயிலில் ஆவியாகிறது. தோண்டுவோர் எந்திரம் வைத்து அதையும் இறைத்துவிடுகின்றனர். குளத்திற்குப் போகும் ஓடைகள் குழியில் விழுந்து வழி மாறுகின்றன. கிணற்றடியில் நிற்பவருக்கு இக்கணக்கு ஒன்றும் தேவையில்லை. வாளிக்கயிற்றில் புதிதாக ஒரு துண்டு முடிச்சிட்டுச் சேர்க்கும்பொழுதே அவருக்குத் தெரிந்துவிடும். நம் மாணவன் ஒருவன் வீட்டுக் கயிற்றில் நான்கு முடிச்சுகள் கண்டோம். நான்காவது முடிச்சு, அருகில் குழி தோண்டத் தொடங்கிய மறு ஆண்டில் விழுந்தது என்று அவன் பாட்டியார் கூறினார்.

குளத்து வண்டலை எடுத்து வயலுக்கு அடிப்பது இதனோடு சேராது. அது பண்டைய வழக்கம். குளமும் ஆழப்படும், வயலும் உரம் பெறும். 2017-இல் அரசு உழவர்க்கு வண்டலை விலையின்றி எடுக்க இசைவு தந்தது நன்றே. ஆயினும் வண்டலுக்குப் பெற்ற நடைச்சீட்டில் வேறு மண்ணும் பயணம் செய்யுமானால் அதனைக் கேட்கக் கல்வியறிவு பெற்றவர் ஊருக்கு ஒருவராவது வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18-ஆம் நாட்களில் பெய்த மழையை நம் தலைமுறை மறவாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர் பதிவாயிற்று; நம் மாவட்டத்தில் ஓராண்டில் பெய்யும் மழையைவிட அது மிகுதி. ஆத்தூர், ஏரல், திருவைகுண்டம் யாவும் வெள்ளத்தில் மிதந்தன. வாழையும் கொடிக்காலும் அழிந்தன. பள்ளியில் நம்மவர் தங்கியிருந்த இரவுகளில் முதியவர் ஒருவர், "இனி பத்து வருசத்துக்குக் கிணறு வத்தாது" என்றார். அடுத்து வந்த கோடைகளில் கயிறு மீண்டும் நீண்டது. நீரை வாங்கி வைத்துக்கொள்ளும் மணலும் சரளும் குறைந்த நிலத்தில், வானம் எவ்வளவு கொடுத்தாலும் கடலுக்கே செல்லும். வெள்ளம் நிறைத்த குழிகளோ, குளிக்கச் செல்லும் சிறுவர்க்கு எமனாயின. அத்தகைய செய்தி இல்லாத கோடை விடுமுறை தமிழ்நாட்டில் அரிதாகிவிட்டது.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கையில் நம் மேசைமீது ஓர் ஒப்பந்தத் தாள் கிடக்கிறது. சங்க உறுப்பினர் குடும்பங்கள் மூன்று, அடுத்தடுத்துள்ள தம் புஞ்சையில் சரள் எடுக்க இசைவு கேட்கப்பட்டுள்ளன. தாளைப் படித்துக் காட்டுமாறு நம்மிடம் கொண்டுவந்தனர். 'நிலத்தைச் சமப்படுத்துதல்' என்று அதில் உள்ளது. எத்தனை அடி ஆழம் என்பது எழுதப்படவில்லை. குழியை மூடித் தருவது யார் என்பதும் இல்லை. முன்பணமாகச் சொல்லப்பட்ட தொகை, அவர்களுள் ஒருவருடைய மகளின் செவிலியர் படிப்புக் கட்டணத்திற்குச் சரியாக இருக்கும். அவர்களை நோக்கி, கையெழுத்திடாதீர் என்று சொல்வது நமக்கு எளிது. மாதச் சம்பளம் வாங்குபவர் நாம். ஆகவே சங்கச் செயற்குழுவிற்கு இரண்டு வேண்டுகோள்களை எழுதிக் கொடுத்துள்ளோம். அப்பெண்ணின் கட்டணத்தை வெள்ளி விழா நிதியிலிருந்து கடனாகத் தருதல் ஒன்று. பந்தல், ஒளிவிளக்குச் செலவைக் குறைத்தால் அது இயலும். அம்மூன்று புஞ்சைகளையும் சுற்றியுள்ள கிணறுகளின் ஆழத்தை நம் பள்ளி மாணவர் திங்கள்தோறும் கயிறு இறக்கி அளந்து பதிவேட்டில் எழுத இசைவு தருதல் மற்றொன்று. நாளை எவரேனும் அனுமதி கேட்டு விண்ணப்பித்தால், மாவட்ட ஆட்சியர் முன் வைப்பதற்கு நம்மிடம் வாய்ச்சொல் மட்டும் இருத்தலாகாது.

முதல் அளவு சென்ற சனிக்கிழமை எடுக்கப்பட்டது. நேரங்கழித்து வந்த அச்சிறுவன்தான் கயிற்றைப் பிடித்தான். அவன் வாசித்த எண்ணை நாம் பதிவேட்டில் எழுதி, கீழே அவன் பெயரையும் எழுதினோம்.